ஜெயவேலு ஏன் ஷட் டவுன் கொடுக்கவில்லை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எது கெட்டுப்போனாலும் ஒரு பேச்சு உண்டு. கிரேன் பாதியில் நின்றாலும் சரி, லாரி ஸ்டார்ட் ஆகாமல் இருமினாலும் சரி, டீக்கடைக்காரரின் கேஸ் அடுப்பு மக்கர் பண்ணினாலும் சரி, "இன்னா, ஜெயவேலு கட்டவெரல் பட்ச்சா?" என்பான் ஒருவன். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஜெயவேலுவைக் கண்ணால் பார்க்காத பயல்கள்கூட இப்போது அதைச் சொல்கிறார்கள்.

அத்தாவுல்லாவுக்கு அதைக் கேட்டால் உடம்பு எரியும். ஐந்து வருஷமாக எரிகிறது. டிரெய்லர் ஓட்டுகிற ஆள், ஐம்பத்து மூன்று வயது, தண்டையார்பேட்டைக்காரர். ஐந்தாம் வகுப்போடு புத்தகப்பையைத் தூக்கிப் போட்டவர். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று பெயர் எடுத்தவர். அவருடைய மனத்தாங்கல் இதுதான்: அந்தக் கட்டைவிரலைப் பற்றிப் பேசாத வாய் மார்க்கெட்டில் இல்லை, அது ஏன் அந்தப் பட்டனை அமுக்கியது என்று கேட்ட வாய் ஒன்றுகூட இல்லை. ரொம்ப நாள் அவர் வாயும் அதில் சேர்த்தி. அதுதான் ரொம்ப எரிந்தது.

ஜெயவேலு அங்கே பதினோரு வருஷம் எடைமேடை ஆபரேட்டராக இருந்தான். இரும்பு ஏற்றின வண்டி மேடைமேல் ஏறி நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன ரூம். ரூமில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் ஜெயவேலு. வண்டி நம்பரைத் தட்டுவான், எடை விழும், சீட்டைக் கிழித்து நீட்டுவான். "முன்ன வா." "எறங்கி நில்லு." "போ." நூறு வண்டி வந்தால் இதையே நூறு தடவை சொல்வான். நாலாவதாக ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து கேட்டவன் மார்க்கெட்டில் குறைவு.

அந்த ரூமுக்கு ஏசி உண்டு. கம்ப்யூட்டருக்காகப் போட்டது, ஜெயவேலுவுக்காக இல்லை. நாற்காலி ஒன்றுதான். இன்னொன்று போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வந்து உட்காருகிறவன் இல்லாததால் போடவில்லை. அத்தாவுல்லா மட்டும், வரிசை நீளமாக இருந்தால் உள்ளே நுழைந்து, பேப்பர் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். சிநேகிதமெல்லாம் இல்லை, ஏசிக்காகத்தான். உட்கார்ந்தபடி டயர் விலையைத் திட்டுவார், போலீஸைத் திட்டுவார், மருமகனைத் திட்டுவார். ஜெயவேலு கேட்டுக்கொண்டே இருப்பான். கடைசியில், "பாய், வரிசை நகுந்துச்சி" என்பான். அத்தோடு முடிந்தது.

அவனுக்குக் காலடிப்பேட்டையில் வீடு இருந்தது, வீட்டில் மலர்க்கொடி என்று மனைவி இருந்தாள். ஆனால் அவன் இருந்தது திருவொற்றியூர் ரயில்வே கேட் பக்கம் ஒரு ஒண்டி அறையில். பிள்ளை குட்டி இல்லை. வேறு பொம்பளை சகவாசம் என்று ஒரு கூட்டம் சொல்லும். அவள்தான் அடித்து விரட்டிவிட்டாள் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். அத்தாவுல்லா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், வூட்ல இன்னா சண்டை என்று. சண்டை ஒன்றும் இல்லை, அவள் நல்லவள் என்றான். அதற்குமேல் கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைசி வண்டி போனதும் அந்த வேலையைச் செய்வான். வலது கட்டைவிரலைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பட்டன்மேல் வைப்பான். வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். உதடு அசையும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான். ஐந்து வருவதற்குள் பெட்டிக்குள் ஃபேன் அடங்கும், திரை கறுத்துப்போகும். கோழிக் கழுத்தைப் பிடிக்கிறவன்கூட இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான் என்று அத்தாவுல்லா நினைத்துக்கொள்வார். கேட்டதில்லை. அடுத்தவன் எப்படிக் கடையைச் சாத்தினால் நமக்கென்ன.

கம்ப்யூட்டரைக் கவனிக்க ராயபுரத்திலிருந்து ஜெனிஷ் என்று ஒருத்தன் மாசம் ஒரு தடவை வருவான். அவன்தான் இதற்காக ஜெயவேலுவிடம் மல்லுக்கு நிற்பான். ஒருநாள் அத்தாவுல்லா அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும்போதே பாடம் நடந்தது. உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஊசி மாதிரி ஒன்று ஓடி ஓடி எழுதுகிறது என்றான். ஒழுங்காக அணைத்தால் கையில் இருக்கிற எழுத்தை முடித்து, ஊசியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் கண்ணை மூடுமாம். பட்டனைப் பிடித்து அமுக்கினால் எழுதுகிற கையை நடுவில் வெட்டுகிற மாதிரியாம். என்றைக்காவது மெஷின் மரக்கட்டை மாதிரி நின்றுபோய், எதைத் தட்டினாலும் அசையாவிட்டால் அப்போது அமுக்கலாம், அதற்குத்தான் அந்தப் பட்டன், ஒரு தடவை இரண்டு தடவையில் ஒன்றும் குடிமுழுகாது. தினப்படி அமுக்கினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் எழுத்து பாதியில் உடையும்.

"சிம்பிள்ணே," என்று முடித்தான். "இந்த எடத்துக்கு வந்து ஷட் டவுன் குடுங்க. அவ்ளோதான்."

ஜெயவேலு தலையை ஆட்டினான். அன்றைக்கும் கட்டைவிரல்தான். ஜெனிஷ் அடுத்த மாசம் வந்து, 'தினமும் ஷட் டவுன் கொடுக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். அதற்கடுத்த மாசம் பார்த்தால் அந்தச் சீட்டுமேல் காலண்டர் தொங்கியது. ஜெனிஷ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. பெட்டிக்குள் டக், டக் என்று ஒரு சத்தம், பல்லி கத்துகிற மாதிரி. எந்த வண்டிக்குக் காலி எடை எவ்வளவு என்று பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. இனி ஒவ்வொரு வண்டியையும் காலியாக ஏற்றித் திரும்ப எடை போட வேண்டும். லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் நின்றன. முதலாளி வந்தார், குதித்தார். ஜெனிஷ் வந்து பெட்டியைத் திறந்தான். இரும்புத் தூசி கொத்தாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்து, அத்தனை டிரைவர்கள் முன்னாலும் சொன்னான், ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, பட்டனை அமுக்கி அமுக்கியே கொன்றுவிட்டார் என்று.

ஜெயவேலு ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அத்தாவுல்லாதான் கூட்டத்துக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார். "அந்தக் கட்டவெரல வெட்டி மொதலாளி கைல குட்த்துட்டுப் போடா ஜெயவேலு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்றைக்கு மார்க்கெட்டே சொல்கிற பேச்சுக்கு முதல் விதை அதுதான். ஜெயவேலு நிமிர்ந்து அவரை மட்டும் ஒருதரம் பார்த்தான். அந்த ரூமில் அட்டைப்பெட்டிமேல் வந்து உட்கார்ந்த ஒரே ஆளை. பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு இடையில் நடந்து போனான். மறுநாள் வேறு ஆள் வந்துவிட்டான், வேறு கம்ப்யூட்டரும்.

அப்புறம் நாலு வருஷம் அவன் எங்கே போனான் என்று யாரும் தேடவில்லை. அத்தாவுல்லாவும் தேடவில்லை. போன வருஷம் எண்ணூர்ப் பக்கம் இரும்புத் தகட்டுச் சுருள் இறக்கப் போனவர், அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஓடுகிற ரோட்டோரம் ஒரு பூட்டின கோடவுன் வாசலில் அவனைப் பார்த்தார். செக்யூரிட்டி சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தான். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கோடவுனுக்குள் ஒன்றும் இல்லை. ஏதோ வழக்கில் மாட்டின காலி கோடவுன். வெறும் தகரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். பகலும் அவனே, ராத்திரியும் அவனே. எதிரில் ஓடையும் குழாயும். பேசுவதற்கு ஒரு ஜன்னல்கூட இல்லை.

"வரிசை இல்ல பாய், நேரா வர்லாம்," என்றான் ஜெயவேலு. கோபம் இல்லை. அத்தாவுல்லா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து எண்ணூர் லோடு கிடைத்தால் மற்ற டிரைவர்களிடம் பிடுங்கிக்கொண்டு போவார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கோடவுன் வாசலில் உட்கார்ந்து வழக்கம்போல எல்லாரையும் திட்டுவார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ போனபோதுதான், ஒரு மதியத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்பதற்குள் இரண்டு பீடி தீர்ந்தது.

"இன்னாத்துக்குடா அத்த அமுக்கிகினே இருந்த? அந்தப் பையன் அவ்ளோ சொன்னானே."

ஜெயவேலு குழாய்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு சொன்னான். அத்தாவுல்லா அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை.

எடைமேடைக்கு வருவதற்கு முன்னால் அவன் ஒரு காண்ட்ராக்ட்காரனிடம் கரண்ட் கம்பி வேலை பார்த்தான். அந்த வேலையில் ஷட் டவுன் என்பது உயிர் சமாசாரம். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனில் ஷட் டவுன் வாங்க வேண்டும். அங்கே இருக்கிற ஆள் லைனை நிறுத்துவான். வேலை முடிந்து ஆள் இறங்கின பிறகு, வாங்கினவனே திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கரண்ட் வரும். ஊர் ஜனத்துக்கு ஷட் டவுன் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஃபேன் ஓடாது, அவ்வளவுதான். கம்பத்தில் இருப்பவனுக்கு அது கழுத்தில் கட்டின கயிறு.

மலர்க்கொடியின் தம்பி நிலவனும் அதே வேலையில் இருந்தான். ஜெயவேலுதான் சேர்த்துவிட்டான். ஒருநாள் இரண்டு இடத்தில் வேலை. ஜெயவேலு பக்கம் மரக்கிளை வெட்டுகிற வேலை, முடிந்துவிட்டது. நிலவன் தெருக்கோடிக் கம்பத்தின்மேல் இருந்தான். ஷட் டவுன் வாங்கின சூப்பர்வைசர் தன் போனை ஜெயவேலுவிடம் கொடுத்துவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கப் போனான். போன் அடித்தது. எடுத்தான். வேலை முடிந்ததா என்று ஒரு குரல் கேட்டது. தன் வேலையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, முடிஞ்சுது என்றான். கேட்டது சப்ஸ்டேஷன் ஆள்.

கரண்ட் வந்தபோது கம்பத்தில் நடந்ததை அவன் சொல்லவில்லை. அத்தாவுல்லாவும் கேட்கவில்லை.

விசாரணை வந்தது. போனில் யாரோ முடிந்தது என்று சொன்னார்கள் என்று சப்ஸ்டேஷன் ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். போனை அடுத்தவனிடம் கொடுத்தது தெரிந்தால் தன் கதை முடிந்தது என்று சூப்பர்வைசர், எங்கள் பக்கம் யாரும் பேசவில்லை என்று சாதித்தான். ஜெயவேலு வாயைத் திறக்கவில்லை. சப்ஸ்டேஷன் ஆளுக்கு வேலை போயிற்று. மலர்க்கொடி தினமும் விளக்கேற்றி, தம்பி போட்டோ முன்னால் நின்று, முகம் தெரியாத அந்த சப்ஸ்டேஷன் ஆளை, அவன் கை விளங்காமல் போக, அவன் வம்சம் விளங்காமல் போக என்று திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு வந்து ஜெயவேலுவுக்குச் சோறு போடுவாள். ஆறு மாசம் அந்தச் சோற்றைத் தின்றான். ஒருநாள் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏன் போகிறாய் என்று அவள் வாசல்வரை வந்து கேட்டாள்.

"அந்தப் பையன் வந்து ஷட் டவுன் குடுன்னான் பாய்," என்றான் ஜெயவேலு. "அதே பேச்சு. ஷட் டவுன் குடு, ஷட் டவுன் குடு. அது வேற, இது வேறன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கை போவல. அத்தக் குட்த்தா எங்கியோ ஒருத்தன் கம்பத்துமேல கீறான்னு தோணும். பட்டனுக்குப் பேரு கெடையாது. அதான் அமுக்குனேன்."

அத்தாவுல்லா மூன்றாவது பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஜெயவேலுதான் மறுபடி பேசினான். அவனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் செத்தது அவன் விரலால்தானா? ஊர் சொல்வது வேண்டாம், அந்த ஜெனிஷ் பையன் உள்ளே பார்த்தவன், அவனிடம் கேட்டு வரவேண்டும்.

"போன மெஷினு போச்சி. இன்னாத்துக்குடா இப்ப?"

"ஒண்ணு நான் பண்ணது பாய். அது எனக்குத் தெரியும், சாவற வரிக்கும் தூக்கிகினு திரிவேன். ரெண்டாவதையும் என் தலைலதான் வைக்கணுமா, வேணாவா? அத்த மட்டும் கேட்டுகினு வா."

ஜெனிஷ் இப்போது ராயபுரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அத்தாவுல்லா போனபோது ஒரு லேப்டாப்பின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். அவர் நின்றபடியே கேட்டார், ஒரு கம்ப்யூட்டரைப் பட்டன் அமுக்கிக் கொல்ல முடியுமா என்று. முடியும் முடியாது என்று ஒரே பேச்சில் சொல்ல முடியாது பாய் என்று ஆரம்பித்தான். அத்தாவுல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ஜெனிஷ் திருப்புளியைக் கீழே வைத்தான்.

பட்டனை அமுக்கினால் பெரும்பாலும் உடைவது எழுத்துதானாம். எழுத்து உடைந்தால் சரிபண்ணிவிடலாம், பண்ணிக் கொடுத்துமிருக்கிறான். அன்றைக்குப் போனது எழுத்து இல்லை, தட்டே போய்விட்டது. ஊசி தட்டில் உரசிக் கோடு போட்டிருந்தது. சாதாரணமாக அந்தத் தட்டு ஐந்தாறு வருஷம் ஓடினாலே பெரிசு, அது பதினோரு வருஷம் ஓடியது. பத்தடி தூரத்தில் நாற்பது டன் வண்டி ஏறி இறங்கி நாள் பூரா அதிர்வு. உள்ளே இரும்புத் தூசி. திடீர் திடீரென்று கரண்ட் போகும். கட்டைவிரலுக்கும் ஒரு பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஊசி அவசர அவசரமாக ஒதுங்கும், அது தேய்மானம்தான். ஆனால் அந்த விரல் ஒன்று மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அது அன்றைக்குச் செத்திருக்காது என்றான்.

"கரண்டு போனா தாங்கறதுக்குத்தான் கீழ பேட்டரிப் பொட்டி ஒண்ணு இருந்துச்சே," என்றார் அத்தாவுல்லா. அட்டைப்பெட்டிமேல் உட்காரும்போதெல்லாம் அதன்மேல்தான் காலை வைத்துக்கொள்வார்.

ஜெனிஷ் திருப்புளியை எடுத்து உருட்டினான். பிறகு, அந்த பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்றான். மாற்ற வேண்டியவன் அவன்தான். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தது. அன்றைக்கு முதலாளி நின்ற நிலையைப் பார்த்ததும் வாயில் வந்தது ஜெயவேலுவின் கட்டைவிரல்.

"தப்புதான் பாய். அவர் ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருந்தா சொல்லியிருப்பேன். அவரு பேசவே இல்ல."

அத்தாவுல்லா அவனை அடிக்கவில்லை. அடிக்கிற எண்ணத்தோடு போனவர்தான். அன்றைக்குக் கூட்டத்தில் கத்தினது யார் என்று அவருக்கே தெரியும்.

எண்ணூர் போகிற வழியெல்லாம் யோசித்தார். உன் விரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். வீக்கம் நாளுக்கு நாள் ஏறுகிறது, சாகப்போகிற மனுஷன், சந்தோஷமாகப் போகட்டும். கோடவுன் வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை. நிறுத்துப் பார்த்தே வாழ்ந்தவனிடம் கள்ள எடை செல்லாது. ஒன்று விடாமல் சொன்னார். தட்டு, தூசி, அதிர்வு, வயசு, கட்டைவிரல், பேட்டரி.

"பத்து பேரு தூக்குன பொணம்டா அது," என்றார். "நீயும் ஒரு கை குட்த்த, அவ்ளோதான். கொன்னது நீ இல்ல."

ஜெயவேலு திரும்பத் திரும்பக் கேட்டது பேட்டரியைப் பற்றித்தான்.

"பேட்டரி செத்தது அவனுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே என் வெரல சொன்னானா?"

"ஆமா."

"நான் பேசாத இருந்தங்காட்டி தப்பிச்சிகினான்." வீங்கின காலைக் கையால் தூக்கி நீட்டிக்கொண்டான். "நான் பண்ணதத்தான் பாய் அவனும் பண்ணிகீறான். அந்த சப்ஸ்டேஷன் ஆளு எங்க கீறானோ. அவனும் இப்டித்தான் எங்கியாவது காலி கோடவுன்ல குந்திகினு இருப்பான், நான்தான் கொன்னனா, நான்தான் கொன்னனான்னு."

அன்றைக்கு அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா, வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அத்தாவுல்லா மன்றாடினார், திட்டினார், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். காவல் மாற்ற ஆள் வரட்டும், நாளைக்குப் போகிறேன் என்றான். போனான். பதினோராவது நாள் முடிந்துபோயிற்று. சேதி அத்தாவுல்லாவுக்கு வந்தது அதற்கும் நாலு நாள் கழித்து, கோடவுன் வாசலில் உட்கார்ந்திருந்த புது ஆள் சொல்லித்தான். மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஓடுகிறது.

ஆனால் அந்தக் கடைசி மதியத்தில், டிரெய்லரைக் கிளப்பப் போனவரை ஜெயவேலு கூப்பிட்டான். அவர் திரும்பி வந்து குனிந்தார், ரோட்டில் லாரி சத்தம். அவன் காதோடு சொன்னான்.

"காலடிப்பேட்டைக்குப் போ பாய். மலர்க்கொடி கைல சொல்லு. அந்த ஆளத் திட்ட வேணான்னு சொல்லு. போன்ல முடிஞ்சுதுன்னு சொன்னது நான்தான்னு சொல்லு. மன்னிக்கச் சொல்லி நீ ஒண்ணும் கேக்காத. வெளக்கேத்திட்டு திட்டறதுக்கு அவளுக்கு ஒரு பேரு வேணும். சரியான பேரக் குட்த்துட்டு வா."